ஒத்துவராதவர்களுடன் சேர்ந்து வாழ்தலும் பணிபுரிதலும்

ஒரே அறையிலோ வீட்டிலோ சேர்ந்து தங்குபவர்களுக்கும், ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் இடையே எழும் அன்றாட உரசல்களைக் கையாளும் முறைகள் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன. நட்பைப் போல் அல்லாமல், இந்த உறவுகளில் எதிரில் இருப்பவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. வாடகையும் சம்பளமும்தான் அவர்களைச் சேர்த்து வைக்கின்றன. பிடிக்கவில்லை என்று விலகிப் போவதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

"அந்த ஆளோடு இருக்கவே முடியாது" என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறுபட்ட நிலைமைகள் இருக்கக்கூடும். சரியாகப் பேசி முடிக்கப்படாத ஏற்பாடு ஒன்று. உண்மையிலேயே கடினமான சுபாவம் இன்னொன்று. சுபாவம் என்று சொல்லி மூடி மறைக்கப்படும் தவறான நடத்தை மூன்றாவது. முதலாவதற்குத் தேவை ஒரு பேச்சுவார்த்தை, மூன்றாவதற்குத் தேவை ஒரு புகார் மனு. இவற்றை மாற்றிக் கொடுப்பதால்தான் பெரும்பாலான சேதம் விளைகிறது.

பின்னணி

சேர்ந்து தங்குவதன் சிரமம் தமிழ்ச் சூழலுக்குப் புதியதல்ல. திருக்குறளின் உட்பகை அதிகாரம், மனம் ஒத்துப்போகாதவரோடு வாழ்வதை ஒரே குடிசைக்குள் பாம்போடு தங்குவதற்கு ஒப்பிட்டு முடிகிறது. நகரங்களில் ஒண்டுக்குடித்தனம் பரவலாக இருந்த காலத்தில் ஒரே கிணறு, ஒரே குழாய், ஒரே கழிப்பறையைப் பல குடும்பங்கள் முறை வைத்துப் பயன்படுத்தின. சண்டைகள் நடந்தாலும், யாருக்கு எப்போது முறை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும், இன்றைய மகளிர் விடுதிகளிலும், ஐந்தாறு பேர் சேர்ந்து எடுக்கும் அடுக்குமாடி வீடுகளிலும் அப்படிப்பட்ட முறை தானாக உருவாவதில்லை. வருபவர் ஆறு மாதத்தில் போய்விடுகிறார். அடுத்தவர் வரும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது.

ஏற்பாட்டின் குறையும் ஆளின் குறையும்

அறைச் சண்டைகளில் கணிசமானவை பணத்தில் தொடங்குபவை. மின்கட்டணம் நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாகக் கூடும். நான்கு பேர் தங்கும் வீட்டில் ஒருவர் தம் அறைக்கு ஏ.சி. வைத்தால், அவர் செலவழித்த யூனிட்டுகளுக்கான பணம் மட்டும் ஏறுவதில்லை. வீட்டின் மொத்தக் கணக்கே மேல் படிக்குப் போகிறது. பில் வரும்போது ஒருவர் வீடு மாறிப் போயிருப்பார், இன்னொருவர் ஒரு மாதம் ஊரில் இருந்திருப்பார். நான்காகப் பிரித்தாலும் தகராறு, பிரிக்காவிட்டாலும் தகராறு. ஏ.சி. வைத்தவருக்குச் சுயநலக்காரர் என்றும், கணக்குக் கேட்டவருக்குக் கஞ்சன் என்றும் பெயர் நிலைத்துவிடும். ஏ.சி. மாட்டிய அன்றே கூடுதல் தொகையை யார் ஏற்பது என்று பேசியிருந்தால் இரண்டு பெயரும் வந்திருக்காது. தண்ணீர் கேன், சிலிண்டர், கழிப்பறை கழுவும் முறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரு நோட்டுப் புத்தகமும் மாதம் ஒருநாள் கால் மணி நேரமும் இதற்குப் போதும்.

வேலைப் பங்கீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் மைக்கேல் ராஸ், பியோரி சிகோலி ஆகியோர் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரிடமும் வீட்டு வேலைகளில் தம் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டனர். இருவர் சொன்ன பங்குகளையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் முழு அளவைத் தாண்டியது. இதில் பொய் எதுவும் இல்லை. தாம் கழுவிய பாத்திரம் ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கிறது. தாம் தூங்கும்போது மற்றவர் கழுவியது தெரிவதில்லை. ஆகவே "எல்லாவற்றையும் நானே செய்கிறேன்" என்று அறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நம்புவது சாதாரணமாக நடப்பதுதான்.

பிறரின் செயலுக்கு அவர் குணத்தையே காரணமாகக் காண்பதும் மனித இயல்பு. எட்வர்டு ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் ஆகியோர் 1967-இல் வெளியிட்ட சோதனையில், கியூபாவின் பிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை அமெரிக்க மாணவர்கள் படித்தனர். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவருக்கு விதிக்கப்பட்டது என்று சொல்லப்பட்ட பிறகும், ஆதரித்து எழுதியவர் ஓரளவு ஆதரவாளராகவே இருப்பார் என்று அவர்கள் கணித்தனர். சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் மதிப்பிடும் இப்போக்கை லீ ராஸ் 1977-இல் அடிப்படையான பிழை என்று பெயரிட்டு விளக்கினார். இரவுப் பணி முடிந்து காலை ஏழு மணிக்குப் படுப்பவருக்கு, அறைத்தோழர் வைக்கும் குக்கர் விசில் வேண்டுமென்றே செய்யும் தொல்லையாகத் தோன்றும். குக்கர் வைப்பவருக்கோ எட்டு மணிக்குப் பேருந்து.

சொல்லும் விதம்

குறையைச் சொல்லும்போது ஆளைப் பற்றிப் பேசாமல் செயலைப் பற்றிப் பேச வேண்டும் என்பது பலரும் கேள்விப்பட்ட அறிவுரை. நடைமுறையில் அதன் வேறுபாடு பின்வருமாறு அமையும். விடுதியில் மூத்தவர் ஒருவர் நள்ளிரவுவரை கைப்பேசியில் பேசுகிறார். "உங்களுக்கு அடுத்தவங்களைப் பத்திக் கவலையே இல்லைக்கா" என்றால் அவர் தம் குணத்தைக் காக்க வாதாடுவார். "அக்கா, எனக்கு ஆறு மணிக்கு ஷிப்ட். பதினொரு மணிக்கு மேல பேசறதா இருந்தா வராண்டாவுக்குப் போய்ப் பேசறீங்களா?" என்றால் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். நேரம், இடம், காரணம், கேட்பது என்ன ஆகிய நான்கும் அதில் உள்ளன.

இதை நான்கு பேர் முன்னால் சொல்லாமல் தனியே சொல்வது நல்லது. அறையின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் "சிலர்" என்று எழுதுவதோ எல்லாவற்றிலும் மோசமான வழி. குற்றவாளி தன்னை அல்ல என்று நினைத்துக்கொள்வார், மற்ற மூவரும் தங்களையோ என்று மனம் வருந்துவர். இரண்டு மூன்று முறை இவ்வாறு தெளிவாகக் கேட்ட பின்னும் எதுவும் மாறவில்லை என்றால்தான் அவரைக் கடினமான சுபாவம் உள்ளவர் என்று முடிவு செய்வது நியாயம். அதன் பிறகு அவரைத் திருத்தும் முயற்சி பெரும்பாலும் வீண். பேச்சைச் சுருக்குவது, பொதுப் பொருட்களைக் குறைப்பது, தூங்கும் நேரத்தை மாற்றிக்கொள்வது போன்றவை பயன் தரலாம்.

அலுவலகத்தில்

அலுவலகத்தில் அதிகாரம் சமமாக இல்லாததால் நேர்ப்பேச்சு மட்டும் போதாது. வாய்மொழியாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு மறுக்கும் மேலாளரிடம் வாக்குவாதம் செய்வதைவிட, அன்றே "சார், காலையில் நீங்கள் சொன்னபடி அறிக்கையை வெள்ளிக்கிழமை தருகிறேன், மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவது பயனுள்ளது. அதில் குற்றச்சாட்டு இல்லை; ஆனால் பதிவு இருக்கிறது. பிறர் உழைப்பைத் தம்முடையதாகக் காட்டும் சக ஊழியருக்கும் இதே வழிதான்: வேலை நடக்கும்போதே, முடிந்த பகுதியைக் குழு முழுவதற்கும் அனுப்பிவிடுவது.

ஒருமுறை கத்திய மேலாளரும் ஒருவரையே குறிவைக்கும் மேலாளரும் ஒன்றல்ல. ஸ்வீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைன்ஸ் லேமன் 1980-களில் பணியிடக் கும்பல் துன்புறுத்தலை ஆராய்ந்தபோது, வாரத்துக்கு ஒருமுறையாவது, குறைந்தது ஆறு மாதம் தொடர்வதை அளவுகோலாகக் கொண்டார். பேச்சில் சேர்க்காமல் விடுவது, வேலையே கொடுக்காமல் உட்கார வைப்பது, பின்னால் வதந்தி பரப்புவது என ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஆகவே நாள், நேரம், உடன் இருந்தவர் ஆகியவற்றைக் குறித்து வைப்பது முக்கியம். இத்துன்புறுத்தலைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்களுக்கு விதித்து ஸ்வீடன் 1993-இல் விதிமுறை வெளியிட்டது. இந்தியாவில் பொதுவான பணியிடத் துன்புறுத்தலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் குறைதீர் குழு இருக்க வேண்டும் என்ற சட்ட ஏற்பாடு ஓரளவு உதவும்.

அனுசரிப்பின் எல்லை

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ", "அவர் அப்படித்தான்" என்ற இரண்டு வாக்கியங்களும் வழக்கமாக ஒரே திசையில்தான் போகின்றன. முதலாவது இளையவருக்கும் பெண்ணுக்கும் புதிதாக வந்தவருக்கும் சொல்லப்படுவது. இரண்டாவது மூத்தவரைக் காப்பாற்றச் சொல்லப்படுவது. தொடுவது, ஆபாசமாகப் பேசுவது, இரவில் தேவையில்லாமல் செய்தி அனுப்புவது ஆகியவை சுபாவக் கோளாறுகள் அல்ல. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடங்களில், மூத்த பெண் ஊழியர் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். வெளியாள் ஒருவரும் அதில் உறுப்பினராக இருப்பார். ஊழியர் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளி மீதே இருந்தாலோ மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அனுசரித்துப் பார்ப்போம் என்று காத்திருப்பவர்கள் இழப்பது பெரும்பாலும் இந்தக் கால அளவைத்தான்.

சாதியும் இப்படித்தான் பழக்கம் என்ற பெயரில் நுழைகிறது. அசைவம் சமைத்த பாத்திரம் வேண்டாம் என்பது உணவு விருப்பமாக இருக்கலாம். குறிப்பிட்ட ஒருவர் தொட்ட தட்டு மட்டும் வேண்டாம் என்பது உணவு விருப்பம் அல்ல. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரைப் பிறர் அறியும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமை தடுப்புச் சட்டப்படி குற்றம். அறைத்தோழர்கள் சமரசம் பேசி முடிக்க வேண்டிய விஷயம் அல்ல அது.

விலகுதல்

மேற்கண்ட வழிகள் பலன் தராதபோது விலகுவதும் ஒரு தீர்வே. அது எல்லோருக்கும் ஒரே அளவில் எட்டுவதில்லை. வளைகுடா நாடுகளில் நிறுவனமே கொடுத்த அறையில் தங்கும் தொழிலாளிக்கு அறையை விட்டால் வேலையும் போகும். அங்கே கட்டிலை மாற்றித் தரச் சொல்லி முகாம் பொறுப்பாளரிடம் கேட்பதுதான் பெரும்பாலும் கைக்கெட்டும் வழி.

வீட்டைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. உரிமையாளர் சம்மதமின்றி உள்வாடகைக்கு விடவும் தடை உள்ளது. ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், மற்றவர்கள் கொடுத்த அட்வான்சுக்கு அந்த ஒருவரின் வாய்ச்சொல்தான் சாட்சி. சண்டை முற்றிய பிறகு அதைக் கேட்டு வாங்குவது கடினம். ஆகவே குடியேறும்போதே ஒப்பந்தத்தில் பெயர் சேர்ப்பதும், இல்லாவிட்டால் தொகையை வங்கி வழியாக அனுப்புவதும் பாதுகாப்பு. வேலையை விடுபவர் கோபத்தில் பாதியில் நின்றுவிடாமல் அறிவிப்புக் காலத்தை முடித்து, பணி விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் கையில் வாங்கிய பிறகே வெளியேறுவது வழக்கம். அடுத்த நிறுவனம் முதலில் கேட்பது அந்த இரண்டு தாள்களைத்தான்.