தட்டிப் பாருங்க... கேட்டுட்டுத் தட்டுங்க!

'என் புரோகிராம் சூப்பரா ஓடுது மச்சி'னு காலரைத் தூக்கிவிட்ட ஆளா நீங்க? பேர் கேட்கிற கட்டத்துல பேரைப் போட்டா எதுவும் ஓடும். அங்கே ஒரு ஒற்றை மேற்கோள் குறியையோ, பத்தாயிரம் 'ஏ'வையோ போட்டுப் பாருங்க. அப்பத் தெரியும் சேதி!

இப்படி ஏடாகூடமா இன்புட் கொடுத்துச் சோதிக்கிறதுதான் ஃபஸ்ஸிங். 1988-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், ஒரு மழை ராத்திரியில் போன் லைன் வழியா யுனிக்ஸ் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தார். லைன் இரைச்சலில் கண்ட எழுத்தும் கலக்க, புரோகிராம்கள் படுத்துவிட்டன. அதையே மாணவர்களுக்கு புராஜெக்டா கொடுத்துட்டார் மனுஷன்! சோதித்ததில் கிட்டத்தட்ட கால் பங்கு புரோகிராம்கள் காலி.

மில்லர் போட்டது குருட்டாம்போக்கு எழுத்து. இப்ப நம்ம கையில் வேர்ட்லிஸ்ட் இருக்கு. 'அட்மின்', 'பேக்கப்', 'டெஸ்ட்'னு வரிக்கு ஒரு வார்த்தை. டூல் ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கும். 'செக்லிஸ்ட்ஸ்' என்ற இலவசத் தொகுப்பில் ஃபைல் பெயர், பாஸ்வேர்டுனு தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. பிரபலமான 'ராக்யூ' பட்டியல், 2009-ல் அந்த நிறுவனத்தில் திருடுபோன பாஸ்வேர்டுகளில் இருந்து வந்தது. அதில் முதலிடம் 123456!

எங்க சிம்போசியத்துக்கு நான் செய்த ரிஜிஸ்ட்ரேஷன் சைட்டை, லைவ் போகும் முன் என் லேப்டாப்பிலேயே இப்படிச் சோதிச்சேன். சில நிமிஷத்தில் 'பேக்கப்.ஜிப்' சிக்கியது. நானே மறந்துவிட்ட ஃபைல். உள்ளே போன வருஷம் வந்தவங்க போன் நம்பர் அத்தனையும்! வேர்த்துடுச்சு.

"மச்சி, ரிசல்ட் சைட்டுல அடிச்சுப் பார்ப்போமா?" என்றான் ரூம்மேட். உண்மையைச் சொல்றேன்... அட்ரஸை டைப் பண்ணிட்டேன். என்டர் தட்டலை. ஆயிரக்கணக்கான ரிக்வெஸ்ட்டில் சர்வர் படுத்தால், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன் கதி? அனுமதியில்லாமல் கைவைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 43-ன்படி நஷ்டஈடு. கெட்ட நோக்கம் இருந்தால் பிரிவு 66-ன்படி 3 வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'சும்மா டெஸ்ட் பண்ணேன் சார்' எடுபடாது.

கை பரபரக்குதா? 'ஜூஸ் ஷாப்', 'டி.வி.டபிள்யூ.ஏ.' ரெண்டும் ஓட்டையோடவே செய்த பயிற்சி சாஃப்ட்வேர்கள். உங்க கம்ப்யூட்டரில் போட்டு வெளுத்துக் கட்டுங்க. அடுத்தவர் சைட் என்றால் எதை, எப்போ, எவ்வளவு வேகத்தில் சோதிக்கலாம்னு எழுத்துல அனுமதி வாங்குங்க.

வேர்ட்லிஸ்ட் எல்லோருக்கும் ஒண்ணுதான் பாஸ். திருடனையும் டெஸ்டரையும் பிரிக்கிறது அந்த ஒரு பக்கக் கடிதம்தான்!