நம்ம விவரம் யாருக்கு, எதுக்கு?



"ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு, போட்டோ ரெண்டு குடுங்க" என்று யார் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். எதுக்கு என்று கேட்பதில்லை. கேட்டால், "நமக்கு என்னங்க ரகசியம், நாம என்ன தப்பு பண்ணோம்?" என்று குழுக்களில் சொல்கிறார்கள். குளிக்கும் இடத்துக்கு மறைப்பு கட்டுகிறோமே, தப்பு செய்யவா கட்டுகிறோம்?

உத்தரப்பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சியம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் கண்காணிப்பு ஏடு திறந்தது. ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார்கள், தூக்கத்தில் எழுப்புவார்கள். வெளியூர் போனால் எங்கே போகிறார் என்று சொல்லிவிட்டுப் போகணும். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ராத்திரியில் வீட்டுக்கு வருவது கூடாது என்று 1962-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பில் சொல்லிவிட்டார்கள்.

அதை மாற்ற 55 வருஷம் ஆனது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012-ல் வழக்குப் போட்டார். 24.8.2017 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்றார்கள். அடுத்த வருஷம் ஆதார் பற்றியே தீர்ப்பு வந்தது. ரேஷன் போன்ற அரசு மானியங்களுக்கு ஆதார் கேட்கலாம். சிம் கார்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆதார் இல்லை என்று பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கவும் கூடாது.

ஒரு ஜெராக்ஸில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். ரேஷன், பேங்க், போன், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே எண்ணில் சேரும்போதுதான் விஷயம். கரக் சிங் வீட்டுக்குப் போலீஸ் நடந்து வரவேண்டியிருந்தது. இப்போது உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். தனிநபர் விவரங்களைக் காக்க 2023-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆனால் மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இது சரியில்லை என்பதுதான் என் கருத்து.

அதிகாரம் டில்லியில் மட்டும் இல்லை. தேர்தல் நேரத்தில் உள்ளூர் பெரிய மனுஷர் "உங்க குழு லிஸ்ட் குடும்மா" என்று கேட்டால்? பெயர், போன், கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கிறது. ஊக்குநரோ பிரதிநிதியோ தனியாக முடிவு செய்து கொடுக்கக் கூடாது. குழுவில் பேசி, தீர்மான நோட்டில் எழுதிய பிறகுதான். யாருக்கு எவ்வளவு கடன், யார் தவணை கட்டவில்லை என்பதும் அப்படியே. கடன் வாங்கியதை வீட்டுக்காரரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அந்த உறுப்பினரே முடிவு செய்யட்டும்.

ஜெராக்ஸ் கொடுக்கும்போது எதுக்கு, யாருக்கு, என்ன தேதி என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ஆதார் பிரதியும் உண்டு. நெட் சென்டரில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ரேகை வைத்துப் பணம் எடுக்கும் இடத்தில் "விழலம்மா, இன்னொரு தடவை வைங்க" என்றால், முதல் தடவை பணம் போய்விட்டதா என்று கேட்டு ரசீது வாங்குங்கள். நாம் வேண்டும்போது மட்டும் திறக்கிற மாதிரி ரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது. விவரத்துக்கு 1947 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம்.