உதிர்ந்த மெய்கள், எழுந்த தொனிகள்

இந்தியில் குதிரைக்குக் 'கோடா' என்று பெயர். மூச்சும் அதிர்வும் சேர்ந்த ககரத்தில் அந்தச் சொல் தொடங்கும். பஞ்சாபியிலும் அதே சொல்தான். பஞ்சாபி எழுத்தான குர்முகியில் அதே மூச்சு ககரத்தைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் பேசும்போது ஒலிப்பது நம் 'கல்'லில் வரும் வெறும் ககரம். குரல் மட்டும் தாழ்ந்து தொடங்கி மேலேறும். அதே ஒலிகளைச் சமமான சுருதியில் சொன்னால் சாட்டை. ஏற்றி இறக்கினால் தொழுநோயாளி. மூன்றையும் பிரிப்பது சுருதி ஒன்றே.

தொனி மொழி என்றதும் சீனம் நினைவுக்கு வரும். அவர்கள் இயல்பிலேயே பாடுவதுபோலப் பேசும் மக்கள் என்ற எண்ணமும் கூடவே வரும். அந்த எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. ஆசியத் தொனிகளில் வரலாறு தெரிந்தவை பெரும்பாலும் ஒரு காலத்தில் இருந்து மறைந்த மெய்யொலிகளின் மிச்சம்.

கழுத்தில் விரல் வைத்து, இரக்கப்பட்டுப் 'பாவம்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து, நாட்டியத்தில் முகம் காட்டும் 'பாவம்'. எழுத்து ஒன்றுதான். இரண்டாவதில் உதடு திறக்கும் முன்பே குரல்நாண்கள் அதிர்கின்றன. அந்த அதிர்வுக்காகக் குரல்வளை சற்று இறங்கித் தளர்கிறது. பின்னால் வரும் உயிரின் சுருதியும் ஒரு துளி தாழ்கிறது. உலகின் எந்த மொழி பேசும் தொண்டையிலும் இது நடக்கும். மெய்களே பொருளைப் பிரித்துக் காட்டும்வரை அந்தத் துளியை யாரும் பொருட்படுத்துவதில்லை. தலைமுறைகள் செல்லச் செல்ல அந்த இரண்டு மெய்களும் ஒன்றாகிவிட்டால், பொருளைப் பிரிக்கும் பொறுப்பு முழுவதும் சுருதியின் தலையில் விழுகிறது. தொனி பிறப்பது அப்படித்தான்.

இதை நிறுவியதில் பெரும் பங்கு ஆந்த்ரே-ஜார்ஜ் ஓத்ரிக்கூர் என்ற பிரெஞ்சுக்காரருக்கு உண்டு. வேளாண்மை படித்தவர், பயிர்களின் வரலாற்றை ஆராய்ந்தவர். அவருக்கு முன்பு, 1912-இல், ஆன்ரி மஸ்பெரோ வியட்நாமிய மொழியைத் தாய்லாந்து மொழியின் குடும்பத்தோடு சேர்த்திருந்தார். அதற்கு முக்கியக் காரணம் தொனி. வியட்நாமியத்துக்கு ஆறு தொனி. அடிப்படைச் சொற்களில் அதற்கு நெருக்கமான மோன், கெமெர் மொழிகளுக்கோ தொனியே இல்லை. அப்புறம் எப்படி அவை உறவாகும்?

1954-இல் ஓத்ரிக்கூர் அந்த வாதத்தைப் புரட்டிப்போட்டார். தொனி பிற்காலத்தில் வந்தது, அதை வைத்து உறவைத் தீர்மானிக்க முடியாது என்றார். மோன், கெமெர் மொழிகளுக்கு உறவான, லாவோசில் பேசப்படும் கமு மொழியில் மீனுக்கான சொல் 'க' என்று தொடங்கித் தொண்டை சட்டென அடைபடுவதோடு முடியும். வியட்நாமியத்தில் அது 'கா'. அடைப்பு இல்லை, குரல் மேலேறுகிறது. கமுவில் மூக்கு 'முஹ்'. வியட்நாமியத்தில் 'முய்', ஹகரம் போய் அங்கே வேறொரு தொனி. ஈற்றில் அடைப்பு இருந்தவை, ஹகரம் இருந்தவை, இரண்டும் இல்லாதவை என்று மூன்று வகைச் சொற்கள் மூன்று தொனிகளாயின. பிறகு சொல்லின் முதலில் வரும் மெய்கள் அதிர்வை இழந்தன. ஒவ்வொரு தொனியும் உயர்ந்தது, தாழ்ந்தது என்று இரண்டாயிற்று. பொது ஆண்டின் தொடக்கத்தில் தொனியே கிடையாது, 6-ஆம் நூற்றாண்டில் மூன்று, 12-ஆம் நூற்றாண்டில் ஆறு என்பது அவர் போட்ட கணக்கு. இன்று வியட்நாமியம் கெமெரின் குடும்பத்தில் இருக்கிறது. நம் ஜார்க்கண்டில் பேசும் சந்தாலியும் அந்தக் குடும்பம்தான்.

சீனத்திலும் தாய்லாந்திலும் இதே பிளவு நடந்தது. தாய்லாந்தின் எழுத்து அதை அழகாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பல்லவ எழுத்திலிருந்து கெமெர் வழியாக வந்தது அது. ஆகவே கிரந்தத்தைப்போல அதிலும் ககர வரிசையில் பல எழுத்துகள். அவற்றில் மூன்றை இன்று ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறார்கள். வீண் எழுத்துகள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எந்த எழுத்து என்பதும் சேர்ந்துதான் தொனியைச் சொல்கிறது. 'மா' என்று சமமாகச் சொன்னால் 'வா', ஏறும் தொனியில் நாய், உயர்தொனியில் குதிரை. நாய்க்கான சொல்லில் மகரத்துக்கு முன் ஒரு ஹகரம் எழுதுவார்கள். அது ஒலிப்பதே இல்லை. மூச்சோடு சொன்ன பழைய மகரம் ஒன்று அங்கே இருந்ததற்கு அந்த எழுத்துதான் சாட்சி.

பிறந்த தொனி பிறந்த இடத்திலேயே நிற்பதும் இல்லை. அந்தக் குதிரையின் எழுத்து இலக்கணப்படி 'தாழ்ந்த' வகுப்பு, குரலோ உயரத்தில். ஹனோயிலும் அப்படியே: 'முய்' பழைய தாழ்ந்த வரிசையைச் சேர்ந்தது, இன்று உடைந்த குரலில் மேலே ஏறுகிறது. அதன் உயர்ந்த இணை கீழே இறங்கிவிட்டது. வியட்நாமின் தெற்கில் இந்த இரண்டும் ஒன்றாகி ஐந்து தொனிகளே மிஞ்சின. வட சீனத்தில் ப், த், க் என முடிந்த அசைகள் அந்த ஈறுகளை இழந்து மற்றத் தொனிகளுக்குள் கலந்துபோயின. 1324-இல் சோவ் தெச்சிங் தொகுத்த எதுகை நூலிலேயே அந்தக் கலப்பு பதிவாகியிருக்கிறது. கான்டனீசில் அந்த ஈறுகள் இன்னும் இருக்கின்றன. அதனால் தாங் காலக் கவிதைகளின் எதுகை பெய்ஜிங்கில் படித்தால் பல இடங்களில் இடறும், கான்டனீஸ் பேசும் குவாங்சோவில் படித்தால் பொருந்தும்.

இந்தத் துறையில் எனக்கு அதிகம் கிளர்ச்சியூட்டுவது சியோல்தான். ஏனென்றால் அங்கே இது நம் கண்முன் நடக்கிறது. கொரிய மொழியில் நிலாவும் முகமூடியும் ஏறத்தாழத் 'தல்' என்றே ஒலிக்கும். தகரத்தோடு வெளிவரும் மூச்சு எவ்வளவு என்பதுதான் முன்பு வேறுபாடு: நிலாவுக்குக் குறைவு, முகமூடிக்கு அதிகம். இளைய தலைமுறையினர் பேச்சைத் தொடங்கும்போது அந்த மூச்சு வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. நிலா தாழ்ந்த சுருதியில் வருகிறது, முகமூடி உயர்ந்த சுருதியில். டேவிட் சில்வா 2006-இலும் காங் யூன்ஜங் 2014-இலும் வெளியிட்ட ஆய்வுகள், பேசுபவர்களின் பிறந்த ஆண்டு வரிசையில் இந்த மாற்றம் படிப்படியாக வளர்வதைக் காட்டின. ஆண்களைவிடப் பெண்கள் முன்னே செல்கிறார்கள்.

கொரியத்துக்குச் சுருதி புதிதும் அல்ல. 1446-இல் அரசர் செஜோங் கொரிய எழுத்தை வெளியிட்டபோது, சொல்லின் சுருதியைக் காட்ட அசைகளின் இடப்பக்கம் புள்ளி வைக்கும் வழக்கம் இருந்தது. ஓரிரு நூற்றாண்டுகளில் அந்தப் புள்ளிகள் வழக்கொழிந்தன. தலைநகரின் பேச்சிலிருந்து அந்தச் சுருதியும் போயிற்று. தென்கிழக்கே புசான் வட்டாரத்தில் அதன் வழித்தோன்றல் இன்றும் உண்டு. சியோலில் இப்போது எழுவது அது அல்ல. மூச்சு விட்டுப்போன இடத்தில் புதிதாக முளைக்கும் வேறொன்று.