மார்பகப் புற்றுநோய்: இடர்க் காரணிகளும் முன்பரிசோதனையும்

மார்பகப் புற்றுநோய் என்பது பால் நாளங்களிலோ பால் சுரக்கும் மடல்களிலோ உள்ள உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் தோன்றும் நோய் ஆகும். உலகில் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் இதுவே. 2022 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 6.7 இலட்சம் பேர் இறந்தனர். நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுபவை இடர்க் காரணிகள் எனப்படும். அறிகுறி ஏதும் இல்லாதவர்களிடம் நோயைத் தேடிக் காண்பது முன்பரிசோதனை எனப்படும். நோயுற்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பெண்ணாய் இருத்தலும் 40 வயதைக் கடந்திருத்தலும் தவிர வேறு இடர்க் காரணி எதுவும் காணப்படுவதில்லை. எனவே இடர்க் காரணி இல்லாதவருக்கு நோய் வராது எனக் கொள்ளலாகாது.

ஆய்வு வரலாறு

குழந்தை பெறாத கன்னியாஸ்திரிகளிடையே இந்நோய் மிகுதி என்பதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்தார். 1926 இல் பிரித்தானிய மருத்துவர் ஜேனட் லேன்-கிளேபோன், நோயுற்ற 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்பிட்டு, குழந்தைப் பேற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை எண்களால் காட்டினார். 1990 இல் அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங், குடும்ப வழி வரும் நோய்க்குக் காரணமான மரபணு ஒன்று 17 ஆம் நிறப்புரியில் உள்ளதென நிறுவினார். பி.ஆர்.சி.ஏ.1 எனப்படும் அம்மரபணு 1994 இல் பிரித்தறியப்பட்டது. 13 ஆம் நிறப்புரியில் உள்ள பி.ஆர்.சி.ஏ.2 மரபணு 1995 இல் அறியப்பட்டது.

மாற்ற இயலாத காரணிகள்

* வயது: வயது கூடக்கூட நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.
* குடும்ப வரலாறு: தாய், உடன்பிறந்தாள், மகள் ஆகியோருள் ஒருவருக்கு நோய் இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும்.
* மரபணு மாற்றம்: நோயாளிகளில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே இது காரணம். ஆயினும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் தீங்கான மாற்றம் உடைய பெண்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு 80 வயதுக்குள் நோய் வரக்கூடும். இம்மாற்றம் தந்தை வழியாகவும் வரும் என்பதால் தந்தையின் குடும்ப வரலாற்றையும் கேட்டறிதல் வேண்டும்.
* மாதவிடாய்க் காலம்: 12 வயதுக்கு முன் பூப்பெய்தியவர்களும், 55 வயதுக்குப் பின் மாதவிடாய் நின்றவர்களும் ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரின் தாக்கத்துக்கு நெடுங்காலம் உட்படுகின்றனர்.
* அடர்ந்த மார்பகம்: கொழுப்பு குறைந்து, சுரப்பியும் நார்த்திசுவும் மிகுந்த மார்பகம்.
* கதிர்வீச்சு: இளவயதில் மார்புப் பகுதியில் பெற்ற கதிர் மருத்துவம்.

வாழ்க்கை முறை சார்ந்த காரணிகள்

மது அருந்துதல், மாதவிடாய் நின்ற பின் உடல் பருமன், உடலுழைப்பின்மை ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த இயக்குநீர் மருத்துவம் பெற்றவர்களிடையே இந்நோய் மிகுந்ததால், அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் அப்பகுதி 2002 இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. தாய்ப்பால் ஊட்டுதல் காப்பளிக்கிறது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002 இல் வெளியான பகுப்பாய்வின்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் நோய் வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைகிறது.

முன்பரிசோதனை முறைகள்

மேமோகிராம்: இது குறைந்த அளவு எக்ஸ் கதிரால் எடுக்கப்படும் மார்பகப் படம் ஆகும். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியையும் இது காட்டும். இதன் பயனை அறியும் முதல் பெரிய ஆய்வு 1963 இல் நியூயார்க்கில் தொடங்கியது. பிரித்தானியாவில் 1988 இல் தொடங்கிய திட்டம் 50 வயது முதல் 71 வயது நிறையும் வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை பெண்களை அழைக்கிறது. அமெரிக்க வல்லுநர் குழு 2024 இல், 40 முதல் 74 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறை எனப் பரிந்துரைத்தது. அடர்ந்த மார்பகத்தில் கட்டியும் திசுவும் ஒன்றுபோல வெண்மையாகத் தெரிவதால் படம் நோயைத் தவறவிடக்கூடும். மரபணு மாற்றம் உடையவர்களுக்கு எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கப்படுகிறது.

கைப் பரிசோதனை: பயிற்சி பெற்றவர் கையால் தடவிப் பார்க்கும் முறை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998 இல் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்கள் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பாதியினருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்தனர். 2021 இல் வெளியான முடிவின்படி, பரிசோதிக்கப்பட்டோரிடம் நோய் முற்றாத நிலையிலேயே கூடுதலாகக் கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அதற்கு இளையோரிடையே இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மேமோகிராம் கருவிகள் போதாத நாடுகளுக்கு இம்முடிவு முதன்மையானது. இந்திய அரசின் 2016 வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கைப் பரிசோதனையைப் பரிந்துரைத்தது.

சுய பரிசோதனை: சீனாவின் ஷாங்காய் நகரில் 2,66,064 பெண் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002 இல் வெளியானது. சுய பரிசோதனை கற்றவர்களிடையே இறப்பு குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்கான திசு ஆய்வுகளே மிகுந்தன. எனவே இதனைத் தனியொரு முன்பரிசோதனையாகக் கொள்வதில்லை. எனினும் தன் மார்பகத்தின் இயல்பை அறிந்து, மாற்றம் கண்டால் மருத்துவரை நாடுதல் நன்று.

பயனும் தீங்கும்

முன்பரிசோதனையால் தீங்கும் உண்டு. நோயற்றவருக்கு ஐயம் எழுப்பித் திசு ஆய்வுக்கு உட்படுத்துவது ஒன்று. வாழ்நாளில் ஒருபோதும் கேடு செய்திராத புற்றுநோயைக் கண்டு அறுவை செய்வது மற்றொன்று. இது மிகைக் கண்டறிதல் எனப்படும். பிரித்தானியாவில் 2012 இல் வெளியான தற்சார்பு மதிப்பீட்டின்படி, 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை 20 ஆண்டுகள் முன்பரிசோதனைக்கு அழைத்தால் 43 இறப்புகள் தவிர்க்கப்படும். 129 பேர் மிகைக் கண்டறிதலுக்கு உள்ளாவர். இவ்விரண்டையும் அறிந்தே பெண்கள் முடிவெடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கருத்து.

அறிகுறி தோன்றினால்

முன்பரிசோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கே உரியது. மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி அல்லது சுருக்கம், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டால் அடுத்த முறை வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அண்மையில் எடுத்த படம் இயல்பாக இருந்தாலும் இதுவே விதி. தொடக்க நிலையில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லாமை நோய் இல்லாமைக்குச் சான்றாகாது. கட்டிகளுள் பெரும்பான்மை தீங்கற்றவை. எனினும் கைப் பரிசோதனை, படம், திசு ஆய்வு ஆகிய மூன்றையும் இணைத்தே அதனை உறுதி செய்ய இயலும்.