முதிரப்புழை ஓரத்தில் இரண்டு சென்ட் நிலம்

மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். 1908 முதல் இரண்டடி அகலத் தண்டவாளத்தில் சிறிய நீராவி இஞ்சின்கள் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை இழுத்துச் சென்றன. அங்கிருந்து பெட்டிகள் கம்பி வழியாக மலையடிவாரத்துக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேரும். 1924 ஜூலையில் பெய்த பெருமழையில் பாதையும் பாலங்களும் அடித்துக்கொண்டு போயின. கொல்லம் ஆண்டு 1099 ஆனதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் என்பார்கள். தண்டவாளத்தை மறுபடி போடவேயில்லை. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் பின்னர் தேயிலைக் கம்பெனியின் ஆபீசாயிற்று.

ரயில் போன வழியை ஆறு மறக்கவில்லை; ஊர்தான் மறந்தது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என மூன்று ஆறுகள் கூடும் இடம் இது. மலைநாட்டில் சமதளம் என்பது ஆற்றோரத்தில்தான் கிடைக்கும். ஆகவே கடையும் லாட்ஜும் அங்கேயே நெருங்கின. 2018 ஆகஸ்டில் பழைய மூணாறு மீண்டும் தண்ணீரில் மூழ்கியது. உடுமலை ரோட்டில் பெரியவாரை பாலம் உடைந்தது. அரசுக் கல்லூரிக் கட்டடம் மண் சரிந்து நாசமாயிற்று.

அதற்கு ஆறே மாதம் கழித்து, 2019 பிப்ரவரியில், முதிரப்புழைக் கரையில் ஒரு வணிக வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டியது தனியார் முதலாளி அல்ல, மூணாறு பஞ்சாயத்தே! வருவாய்த் துறையின் ஆட்சேபணையில்லாச் சான்று இல்லை என்று தேவிகுளம் சப்-கலெக்டர் ரேணு ராஜ் வேலையை நிறுத்த உத்தரவிட்டார். தொகுதி எம்.எல்.ஏ. அவரைப் பலர் முன்னிலையில் இழிவாகப் பேசி, பிறகு வருத்தம் தெரிவித்தார். விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போய்க் கட்டுமானத்துக்குத் தடை விழுந்தது. ஊராருக்குப் பர்மிட் வழங்கவேண்டிய கையே சான்று இல்லாமல் செங்கல் அடுக்கினால், சாதாரணத் தொழிலாளியிடம் சட்டம் பேச யாருக்கு வாய் வரும்?

அந்தச் சான்று புதிதல்ல. மூணாறு வட்டாரத்தில் கட்டடம் கட்டப் பஞ்சாயத்து அனுமதியோடு வருவாய்த் துறையின் சான்றும் வேண்டும் என்று கேரள ஐகோர்ட்டு 2010-ல் கூறிவிட்டது. கண்ணன் தேவன் மலை, பள்ளிவாசல், சின்னக்கானல், சாந்தன்பாறை, வெள்ளத்தூவல், பைசன்வாலி முதலிய கிராமங்களில் அது நடைமுறைக்கு வந்தது. பட்டாவிலும் ஒரு சிக்கல் உண்டு. 1964-ம் வருஷத்து விதிப்படி கொடுத்த நிலம் விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும் மட்டுமே. அதில் கடையும் லாட்ஜும் கட்டியதால் வந்த வழக்குகள் பல. இதற்கு வழி செய்ய 2023 செப்டம்பரில் சட்டசபை திருத்தம் நிறைவேற்றியது.

வெள்ளம் பாயும் நிலத்தைப் பிரித்துக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், பிற்பாடு உத்தரகண்ட் போன்ற சிலவே அதைச் சட்டமாக்கின.

தோட்டத் தொழிலாளிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். வேலை உள்ளவரை லயம். ஓய்வு பெற்றால் காலி செய்யவேண்டும். கிராஜுவிட்டிப் பணத்தில் இரண்டு சென்ட் தேடுகிறவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் வருவது ஆற்றோரமோ, சரிவின் அடியோதான். லயத்திலேயே இருந்தால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்து வேர் உள்ள குடும்பங்கள். அங்கே குடியிருக்க இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள் அல்ல. பின்னர் குற்றியார்வாலியில் அரசு நிலம் தர, கம்பெனி 8 வீடுகள் கட்டிக் கொடுத்தது.

நிலம் வாங்க நினைப்பவர்கள் தரகரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வில்லேஜ் ஆபீசுக்கு ஒரு நடை போய், பட்டா எந்த விதிப்படி வழங்கியது, வீட்டுக்குச் சான்று கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். "பஞ்சாயத்தில் நம்ம ஆள் இருக்கிறார்" என்ற பேச்சை நம்பி இறங்கவேண்டாம். பக்கத்து டீக்கடையிலும் விசாரிக்கலாம். 2018-ல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பழைய மூணாறில் யாரைக் கேட்டாலும் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.