ஓர் அச்சில் ஆயிரம் கடை!

ஒரு சமயம் இரவும் பகலும் வேலை. ஆள் போதவில்லை. சில ஆண்டு கழித்துப் பார்த்தால், பாதிப் பேருக்கு வேலை போய்விட்டது!

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆலைகளில் 1950-களில் இப்படி நடந்தது. வீட்டுக்கு வேண்டிய மின்சார சாமான்கள் செய்யும் ஆலைகள் அவை. நாட்டில் வியாபாரம் ஏறி இறங்குவதுதான் காரணம் என்று நினைத்தார்கள்.

ஜே பாரஸ்டர் என்ற பேராசிரியருக்கு அது சரியாகப் படவில்லை. பென்சிலும் நோட்டும் எடுத்தார். சரக்கு இருப்பு, ஆட்கள், வந்த ஆர்டர் என்று வாரவாரியாகக் கணக்கு எழுதினார். ஆர்டர் ஒரே சீராக வந்தால்கூட ஆட்களின் எண்ணிக்கை ஏறி இறங்கியது! கோளாறு வெளியே இல்லை. சரக்கு சேர்க்கும் முறையிலும், ஆள் எடுக்கும் முறையிலுமே இருந்தது.

பத்து முப்பதானது

அது எப்படி? ஒரு சோப்புக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 10 பெட்டி விற்கிறது. ஒரு வாரம் 12 விற்றுவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்காரர் 15 பெட்டி கேட்கிறார். மொத்த வியாபாரி 20 கேட்கிறார். ஆலை 30 செய்கிறது. சரக்கு வந்து குவியும்போது வாங்க ஆள் இல்லை. ஆலையில் வேலை நிற்கிறது. இதில் யாரைக் குறை சொல்வது?

நார்வே நண்பர்கள்

ஓர் ஆலைக்கு நோட்டுப் போதும். ஆயிரம் கடைக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதிக் கொடுப்பதென்றால் ஆயுள் போதாது.

நார்வே நாட்டில் ஆஸ்லோ நகரில் இருந்த ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். 1967-ல் அவர்கள் உருவாக்கிய கம்ப்யூட்டர் மொழி 'சிமுலா 67'.

அதில் 'கடை' என்று ஓர் அச்சு செய்யலாம். இருப்பு எவ்வளவு என்ற கணக்கும், குறைந்தால் எவ்வளவு கேட்பது என்ற விதியும் அதற்குள்ளேயே இருக்கும். அந்த அச்சில் எத்தனை கடை வேண்டுமானாலும் வார்க்கலாம். மொத்த வியாபாரியும் ஒரு வகைக் கடைக்காரர்தானே? அதே அச்சில் இரண்டு விதியைக் கூட்டினால் அவரும் தயார்! நாளைக்கு மருந்து வியாபாரமா? காலாவதித் தேதியை மட்டும் சேர்த்தால் பழைய அச்சே உதவும்.

இருவருக்கும் 2001-ம் ஆண்டுக்கான டூரிங் பரிசு கிடைத்தது. 2002-ல், சில வார இடைவெளியில், இருவருமே காலமானார்கள்.

செங்கல் வைக்குமுன்

புதுக் கிடங்கு கட்டலாமா? வாரம் ஒரு லாரியா, இரண்டா? கல்லாவில் நடக்கும் விற்பனையை அன்றன்றே ஆலைக்குச் சொன்னால் என்ன? ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். விற்பனை விவரம் நேராக ஆலைக்குப் போனால் அந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைகிறது.

ஒன்று உண்டு. சரக்குத் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டால் கடைக்காரர் பயந்துபோய் இரட்டிப்பாக ஆர்டர் கொடுப்பார். அந்தப் பயத்தையும் ஒரு விதியாக அச்சில் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால், கம்ப்யூட்டரில் இருக்கும் ஆயிரம் கடைக்காரர்களும் பயமே அறியாதவர்கள்!