பிடிப்பவரின் கணக்கு

அமெரிக்கக் கால்பந்துக்கு ஏறத்தாழ 110 மீட்டர் நீளமும் 49 மீட்டர் அகலமும் உள்ள சமதளம் வேண்டும். ஏற்காடு ஒன்றியத்தின் மாரமங்கலம் ஊராட்சியில், காப்பியும் மிளகும் சில்வர் ஓக்கும் நிற்கும் சரிவுகளுக்கு இடையே, அத்தனை பெரிய சமதளத்துக்கு எங்கே போவது? கபடிக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர் போதும். சேர்வராயன் மலையில் ஒரு பள்ளி வளாகத்திலேயே அந்த இடம் கிடைத்துவிடும்.

களத்தின் அளவில் இவ்வளவு விலகி நின்றாலும், இரண்டு ஆட்டங்களிலும் தடுப்பவருக்கு இருக்கும் சிக்கல் ஒன்றுதான். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது தாக்க வருபவருக்கு முன்கூட்டியே தெரியும். தடுப்பவர் அதைக் கண்ணால் பார்த்து, மூளையால் முடிவெடுத்து, அதற்குப் பிறகுதான் உடம்பை அசைக்க முடியும். எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒருவருக்கு, பார்த்ததும் அசையக் குறைந்தது 0.2 நொடி ஆகும். கபடியில் பாடி வந்துவிட்டு நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரும்பும் ரைடர் அதற்குள் ஒரு மீட்டர் போயிருப்பார். கையெட்டும் தூரம் கைதவறும் தூரமாக மாற அது போதும். பார்த்த பிறகு பாய்ந்தால் பிடி கிடைக்காது. ஆனாலும் நல்ல அணிகள் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. எப்படி?

விதிகளும் தடுப்பவருக்குச் சாதகமாக இல்லை. பழைய சடுகுடுவில் பாடி வருபவரின் மூச்சுதான் கடிகாரம். இன்று 30 நொடி வரம்பு இருக்கிறது. புரோ கபடியில் அடுத்தடுத்து இரண்டு ரைடுகள் வெறுமனே முடிந்தால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ரைடர் வெளியே. சும்மா கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழக்கம் இதனால் குறைந்தது. துணிந்து உள்ளே வருபவர்கள் பெருகினார்கள். 2017 பருவத்தில் பர்தீப் நர்வால் ஒருவரே 369 ரைடு புள்ளிகள் குவித்தார். பிடிக்க வரும் கைகளுக்கு அடியில் குனிந்து நழுவும் அவருடைய ‘டுப்கி’யை இன்று ஊர்ப் பையன்களும் பழகுகிறார்கள்.

அமெரிக்காவில் இதே மாற்றம் 1978-இல் வந்தது. பந்தைப் பிடிக்க ஓடுபவரை 5 கெஜத்துக்கு அப்பால் தடுப்பாட்டக்காரர் இடித்து மறிக்கக்கூடாது என்று அங்குள்ள தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். விதி செய்தது. பந்து எறியும் குவாட்டர்பேக்குக்குக் காவல் நிற்பவர்கள் கைகளை நீட்டி எதிராளியைத் தள்ளவும் அனுமதித்தது. அதன்பின் ஆட்டம் ஓட்டத்திலிருந்து எறிதலுக்குச் சாய்ந்தது. பார்க்க வருபவருக்குப் புள்ளி விழுவதுதான் பிடிக்கும். அதற்கான விலையை இரண்டு நாட்டிலும் தடுப்பாட்டக்காரர்கள்தான் கொடுத்தார்கள்.

ரைடர் ஏமாற்றுவது எதை வைத்து? தலை ஒரு பக்கம் சாயும், தோள் இன்னொரு பக்கம் திரும்பும், கை எங்கோ நீளும். ஆனால் இடுப்புக்கு அருகில் இருக்கும் உடலின் நிறைமையம் போகிற திசையை மறைப்பது மிகக் கடினம். ரக்பியில் பக்கவாட்டில் விலகி ஏமாற்றும் அசைவை வைத்து பிரான்ஸ், வட அயர்லாந்து ஆய்வாளர்கள் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினி உருவாக்கிய மெய்நிகர் ஆட்டக்காரர் எதிரே ஓடிவருவார். அவர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்ல வேண்டும். புதியவர்கள் தலையையும் கையையும் நம்பி ஏமாந்தார்கள். தேர்ந்தவர்கள் நிறைமையத்தின் அசைவைப் படித்தார்கள். இன்னொரு வேறுபாடும் தெரிந்தது: தேர்ந்தவர்கள் நகரத் தொடங்கும் முன் கூடுதல் நேரம் காத்திருந்தார்கள்.

இந்தக் காத்திருப்பைத்தான் எந்த கபடிப் பயிற்சியாளரும் திரும்பத் திரும்பச் சொல்வார். ரைடர் உள்ளே வந்து நிற்கும் முன்பே பாய்வதை ‘அட்வான்ஸ் டேக்கிள்’ என்று வர்ணனையாளர்கள் குறைசொல்வதும் இதனால்தான்.

தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் இதற்கு நல்ல சான்று. 1975-இல் பிறந்தவர். பாட்னா பைரேட்ஸ் அணித்தலைவராக 2016-இல் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு 41 வயது. கண்ணில் பட்டதற்கு உடல் பதில் சொல்லும் வேகம் இருபதுகளுக்குப் பிறகு மெல்லக் குறையும் என்பது உடலியல் அறிந்த செய்தி. தன் வயதில் பாதி இருக்கும் ரைடர்களை அவர் கணுக்காலில் பிடித்து நிறுத்தினார் என்றால், அவர்கள் கால் எங்கே வரும் என்று முன்கூட்டியே அறிந்திருந்தார் என்றுதான் பொருள். தமிழ்நாட்டுக் கபடியில் நாம் இன்னும் நிறையப் பேச வேண்டிய ஆட்டக்காரர் அவர்.

முன்கூட்டி அறிவது தனிமனிதத் திறமை மட்டும் இல்லை. அணி நிற்கும் விதமும் அதற்குத் துணை செய்கிறது. 1952-இல் வில்லியம் எட்மண்ட் ஹிக் என்ற ஆங்கிலேய உளவியலாளர், தேர்வு செய்ய வேண்டிய வழிகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று அளந்து காட்டினார். வழிகள் இரண்டு மடங்கானால், நேரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு கூடுதல் சேரும். ஆகவே தடுப்பவர் செய்ய வேண்டியது தன் முன்னால் இருக்கும் சாத்தியங்களைக் குறைத்துக்கொள்வது. கார்னரில், அதாவது களத்தின் ஓரத்தில், நிற்பவரும் அவருக்கு அடுத்தவரும் கைகோத்து நிற்கும் சங்கிலி அதற்காகத்தான். கார்னருக்குத் தன் பக்கக் கோடு ஒரு காவல், கோத்த கை மறு காவல். தன்னிடம் நீளும் காலை மட்டும் கவனித்தால் போதும். மற்றவற்றை உள்பக்கம் கவர் நிலையில் நிற்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது தூரத்தின் கணக்கு. ஆண்கள் களத்தில் ரைடர் கட்டாயம் கடக்க வேண்டிய பாக் கோடு நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கிறது. போனஸ் கோடு அதற்கும் ஒரு மீட்டர் உள்ளே. பாக் கோட்டில் தொட்டுவிட்டு நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரும்பும் ரைடருக்கு வீடு சேர முக்கால் நொடி. போனஸ் கோட்டிலிருந்து என்றால் ஒரு நொடியை நெருங்கும். இந்த 0.2 நொடி வேறுபாடு, தடுப்பவரின் முழு எதிர்வினை நேரத்துக்கு ஏறக்குறைய சமம். போனஸ் எடுக்க வா என்பதுபோல் அணி பின்வாங்கி நிற்பதன் இயற்பியல் இதுதான்: இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறார்கள்.

பிடிக்கும் கணத்திலும் வலிமையைவிடத் திசைதான் பெரிது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் நொடிக்கு 5 மீட்டரில் வரும்போது, அவருடைய உந்தத்தை நேருக்கு நேர் நின்று சுழியாக்க 400 அலகு எதிருந்தம் தேவை. கவரில் இருப்பவர் பக்கத்திலிருந்து ‘டேஷ்’ அடித்து, நொடிக்கு 2 மீட்டர் பக்கவாட்டு வேகம் தந்தால் போதும். அதற்கு 160 அலகுதான் வேண்டும். முன்னே போகும் வேகம் அப்படியே இருந்தாலும் அவர் பாதை வளைந்து களத்துக்கு வெளியே முடிந்துவிடும். கணுக்காலைப் பிடிப்பதும் இதே வகை. தரையில் ஊன்றும் இடத்தை நிறுத்திவிட்டால் மேலே இருக்கும் நிறைமையம் தன் வேகத்திலேயே கவிழும். வீழ்த்தும் வேலையில் பெரும்பங்கை ரைடரின் வேகமே செய்துவிடுகிறது.

இனி அமெரிக்கக் களத்துக்கு வருவோம். அங்கே குவாட்டர்பேக் கைக்குப் பந்து வந்து, அதை அவர் எறிய எடுக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று நொடி. அதற்குள் அவரை எட்ட வேண்டியது தடுப்பு அணியின் முன்வரிசை. குறுக்கே நிற்கும் காவலாளிகள் சராசரியாக ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ளவர்கள். ஓரத்தில் நிற்கும் முன்வரிசைக்காரர் அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போக முயல்வது எப்போதாவதுதான் பலிக்கும். உடலைத் தாழ்த்தி, தன்மேல் விழும் கைகளைத் தட்டிவிட்டு, வளைந்து சுற்றி வருவதே அவர் வழி. தாழ்ந்தவரைத் தள்ளுவது கடினம் என்ற அறிவு அவருக்கும் நம் கார்னருக்கும் பொது.

அதைவிட முக்கியமான பொதுத்தன்மை ஒன்று உண்டு. கூடுதல் ஆட்களை அனுப்பிக் குவாட்டர்பேக்கை நெருக்கலாம். அதைப் ‘பிளிட்ஸ்’ என்பார்கள். ஆனால் ஆள் கூடப் போனால் பின்னால் இடம் காலியாகும். தேர்ந்த குவாட்டர்பேக் பந்தை அங்கே எறிந்துவிடுவார். நான்கே பேரால் நெருக்க முடிந்தால் ஏழு பேர் பின்னால் நின்று இடத்தை அடைக்கலாம். 2008 பிப்ரவரி 3-இல் நடந்த என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில், அதுவரை 18 ஆட்டங்களிலும் தோற்காத, அந்தப் பருவத்தில் 589 புள்ளிகள் குவித்து அன்றைய சாதனையைப் படைத்திருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை நியூயார்க் ஜயன்ட்ஸ் 17-14 என்று வீழ்த்தியது. ஜயன்ட்ஸின் முன்வரிசைதான் பேட்ரியட்ஸின் குவாட்டர்பேக் டாம் பிராடியை நிம்மதியாக நிற்கவிடாமல் செய்தது. பந்து கையில் இருக்கும்போதே 5 முறை அவர் சாய்க்கப்பட்டார். 2025 பிப்ரவரி 9-இல் நடந்த சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபாங்கியோ ஆட்டம் முழுக்க ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை. ஆனாலும் எதிரணியான கான்சாஸ் சிட்டியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 6 முறை சாய்க்கப்பட்டார். கான்சாஸ் சிட்டி 22-40 என்று தோற்றது.

இங்கே ஹிக்கின் விதி மறுபக்கமும் வேலை செய்கிறது. கோட்டின் மேல் ஆறு பேர் பாயப்போவதுபோல் நிற்பார்கள். பந்து அசைந்ததும் இருவர் பின்வாங்கிவிடுவார்கள், எதிர்பாராத ஒருவர் உள்ளே வருவார். 1980-களில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் டிக் லபோ வளர்த்தெடுத்த இந்த உத்தி இன்று பல வடிவங்களில் பரவியிருக்கிறது. வருபவர் யார் என்று தேடும்போது குவாட்டர்பேக்குக்கும் காவலாளிகளுக்கும் வழிகள் பெருகுகின்றன, தீர்மானம் தாமதமாகிறது. தன் தேர்வுகளைக் குறைத்துக்கொண்டு எதிராளியின் தேர்வுகளைப் பெருக்குவதுதான் தடுப்பாட்டத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன். ஒருவர் தன் தடத்தை விட்டு ஆசையில் ஓடிவிட்டால் குவாட்டர்பேக் அந்த இடைவெளியில் தப்பிவிடுவார். சங்கிலியிலிருந்து ஒருவர் தனியாகப் பாய்ந்தால் கபடியில் நடப்பதும் அதுவே.

நம் நாட்டுக்கு இந்தப் பாடம் வலிக்கும்படி வந்தது 2018 ஆகஸ்டில். 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஏழு ஆண்கள் கபடித் தங்கங்களையும் வென்றிருந்த இந்தியா, ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. அந்த ஈரான் அணியில் இருந்த இடது கார்னர் ஃபசல் அத்ராசலி, புரோ கபடியின் பிடிப் புள்ளிப் பட்டியலில் உச்சத்துக்குப் போனவர். ஒழுங்காக நிற்கும் தடுப்பு அணியிடம் புகழ்பெற்ற ரைடர்களும் திணறுவார்கள் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம்.

ஆனாலும் ஊர்ப் போட்டிகளில் கைதட்டலும் பரிசும் பெரும்பாலும் ரைடருக்கே போகின்றன. பையன்களும் பெண்பிள்ளைகளும் பாடிப் போகத்தான் ஆசைப்படுகிறார்கள். பிடிப்பதை யாரும் முறையாகச் சொல்லித் தருவதில்லை. இதனால் வரும் கேடு தோல்வி மட்டும் இல்லை. தலையை முன்னால் கொடுத்து டேஷ் அடிப்பவருக்குக் கழுத்து போகும். முழங்கால் முறுக்கிக்கொண்டு விழுபவருக்குத் தசைநார் கிழியும். கால்களால் கத்தரிபோல் பின்னிப் பிடிப்பதும் வாயைப் பொத்துவதும் விதிப்படி குற்றம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

மலைப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்கள் இதை மாற்றலாம். பெரிய செலவு ஏதும் வேண்டாம். முதலில் கற்கள் பொறுக்கிய மண்தரை. முடிந்தால் ஒரு மேட். ரைடருடைய இடுப்பை மட்டும் பார்த்துத் திசை சொல்லும் பயிற்சியைத் தினமும் பத்து நிமிடம் வைக்கலாம். கைகோத்து நின்று, சொல்லும்வரை பாயாமல் இருக்கும் பழக்கத்தை ஏற்படுத்தலாம். ஆட்டத்தைச் செல்பேசியில் பதிவுசெய்து மெதுவாக ஓட்டிக்காட்டினால், யார் அவசரப்பட்டார் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தப் பொங்கலுக்குச் சிறந்த ரைடருக்குக் கொடுக்கும் அதே தொகையைச் சிறந்த பிடிகாரருக்கும் கொடுங்கள்.